மகளின் சாக்லேட் சீரியலைச் சாப்பிடும் அம்மாவுக்கு

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 43. அல்சூரில் குடியிருக்கிறோம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஏழேகாலுக்கு மெட்ரோவில் ஏறியாக வேண்டும். மகளுக்கும் மாமியாருக்கும் இட்லி ஊற்றி வைத்துவிடுவேன். எனக்கு அந்த நேரத்தில் இட்லி தொண்டையில் இறங்காது. நின்றுகொண்டே எதையாவது பாலில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். அந்த 'எதையாவது' பெரும்பாலும் மகளின் சாக்லேட் சீரியல்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. போன மாதம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் 5.9 வந்தது. டாக்டர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பயந்துபோய் ஓட்ஸும் உலர்பழமும் கலந்து வருகிற ஒரு மியூஸ்லி வாங்கினேன். மரத்தூள் மாதிரி இருந்தது, டப்பா அப்படியே கிடக்கிறது. தேன் போட்ட மியூஸ்லி வாங்கலாமா? ருசியாகவும் இருந்து, உடம்புக்கும் கெடுதல் செய்யாத பிராண்ட் எது? பதினொரு மணிக்கெல்லாம் பசி வந்துவிடுகிறது, ஆபீஸில் பிஸ்கட்தான் கிடைக்கும். "ராகிக் கஞ்சி குடி, சர்க்கரையே வராது" என்கிறார் மாமியார். அவருக்கே பல வருஷமாகச் சர்க்கரை! தைராய்டு மாத்திரையும் போடுகிறேன், காலை ஐந்தரைக்கு. போட்ட கையோடு காபி. அதில் ஏதும் தப்பில்லையே?

வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

சாக்லேட் சீரியல் பிடித்திருக்கிறது என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். பிடிக்க வேண்டும் என்றே செய்கிற பொருள் அது; பிடிக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற மேனேஜர்களும் ரிட்டயரான பேங்க் அதிகாரிகளும்கூட இதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

முதலில் அந்த 5.9. ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. நீங்கள் அதன் ஆரம்பத்தில்தான் இருக்கிறீர்கள். நடை, தூக்கம், எடை, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணை இறக்கும். ஒரு கிண்ணம் சீரியலை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் காலைச் சாப்பாட்டில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மற்ற வேளைகளில் கல்யாணம், ஆபீஸ் பார்ட்டி, விருந்தாளி என்று ஏதாவது வரும். காலையில் அநேகமாக தினமும் ஒரே சாப்பாடுதான். ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனி ஒரே பெயரில் பல வகை விற்கிறது. அதில் ஒன்று நல்ல தானியமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது மிட்டாயாக இருக்கும். செய்முறையையும் சத்தமில்லாமல் மாற்றுவார்கள். என் யோசனை வேறு. ருசியான டப்பாவைத் தேடுவதை விட்டுவிடுங்கள். சப்பென்று இருக்கிற டப்பாவை வாங்கி, ருசியை உங்கள் அடுக்களையில் சேருங்கள். கம்பெனிக்காரர் ருசி சேர்த்தால் சர்க்கரை, எண்ணெய், உப்பு என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சேர்த்தால் அது வாழைப்பழமாகவோ, வறுத்த வேர்க்கடலையாகவோ, ஏலக்காயாகவோ, ஒரு சிட்டிகை வெல்லமாகவோ இருக்கும். அளவும் உங்கள் கையில்.

ருசிக்கும் ஆரோக்கியத்துக்கும் நடக்கிற இந்தச் சண்டை புதிதில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்த வீட்டிலேயே நடந்தது. 1890-களில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஒரு சிகிச்சை இல்லத்தை நடத்தி வந்தவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். காரசாரமான சாப்பாடு உடம்பையும் மனதையும் கிளறிவிடும் என்று உறுதியாக நம்பியவர். நோயாளிகளுக்காக அவரும் தம்பி வில் கெல்லாக்கும் தானியத்தை வேகவைத்து, உருட்டி, தகடாகச் சுட்டு எடுத்தார்கள். ருசி இல்லாமல் இருப்பதே அண்ணனுக்குத் திருப்தி. தம்பிக்குச் சர்க்கரை சேர்த்து ஊருக்கெல்லாம் விற்க ஆசை. 1906-ல் தம்பி தனியாகக் கம்பெனி தொடங்கினார். அண்ணனும் தம்பியும் கோர்ட் வரை போனார்கள். யார் ஜெயித்தது என்பதை சூப்பர் மார்க்கெட் ரேக்கைப் பார்த்தாலே தெரியும். எனக்கென்னவோ, அண்ணன் பக்கமும் முழு நியாயம் இருந்ததாகத் தோன்றவில்லை. சாப்பாடு ருசியாக இருப்பதில் என்ன பாவம்?

அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 1994-ல். ஆரம்பத்தில் சரியாகப் போகவில்லை. அவர்கள் குளிர்ந்த பாலை நினைத்துச் செய்த தகட்டில் நம் வீடுகளில் கொதிக்கிற பாலை ஊற்றினார்கள், அது கூழாகிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்குச் சூடான பால்தான் பிடிக்குமா, ஆறிய பாலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி ஏமாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. சூடான பால் என்றால் ஓட்ஸ், கோதுமை ரவை மாதிரி குழைந்தால் நன்றாக இருக்கிற பொருள். ஆறிய பால் என்றால் தகடு, பொரி வகை. தயிர் என்றால் மியூஸ்லி.

இனி டப்பாவின் பின்பக்கம். முன்பக்கம் இருப்பது விளம்பரம். இதயப் படம், இடுப்பு அளக்கும் டேப், தேன் சொட்டும் கரண்டி எல்லாவற்றையும் கடந்து நேராகத் திருப்புங்கள். சேர்பொருட்கள் பட்டியலில் எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே சீரியலின் ஜாதகம் தெரிந்துவிடும். முதலில் முழு ஓட்ஸ், முழுக் கோதுமை, ராகி, சோளம் என்று ஒரு தானியம் இருக்க வேண்டும். சர்க்கரை இரண்டாவது பெயராக இருந்தால் வைத்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது, ஆறாவது என்று சர்க்கரை பல வேஷங்களில் வருகிறதா என்றும் பாருங்கள்: குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், பழச்சாறு கான்சன்ட்ரேட். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதால் பட்டியலில் கீழே போய்விடும்; கூட்டினால் இரண்டாம் இடம் அவர்களுக்குத்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கிறது. அது சர்க்கரைக் கணக்கிலேயே வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும்.

முன்பக்கம் 'ராகி', 'பாதாம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், பின்பக்கப் பட்டியலில் அதன் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் படிப்பது ஒரு பொழுதுபோக்கு. 'மல்டிகிரெயின்' என்றால் பல தானியம் என்று மட்டும்தான். அவை தவிட்டோடு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மைதாவோடு நாலு தானியம் கலந்தாலும் அதுவும் மல்டிகிரெயின்தான்.

பிறகு 100 கிராமுக்கு என்று போட்ட எண்கள். நான் பார்ப்பவை நான்கு. நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல். 'நார்ச்சத்து அதிகம்' என்று டப்பாவில் போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவும் அதுதான். சேர்க்கப்பட்ட சர்க்கரை 10-க்குள், 5-க்குள் என்றால் ரொம்ப நல்லது. புரதம் 9, 10 இருந்தால் பரவாயில்லை. சோடியம் 400 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். நார்ச்சத்து தவிர மற்ற மூன்றும் என் சொந்த அளவுகோல், சட்டம் இல்லை. ஒன்றில் கொஞ்சம் பிசகினால் உலகம் முடிந்துவிடாது. 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியில் திராட்சையின் இயற்கைச் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' வரியை.

இங்கே ஒரு பொறி. சர்க்கரை குறைவு என்பதற்காகச் சாதா கார்ன்ஃப்ளேக்ஸை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளுக்கோஸை 100 என்று வைத்து, எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று பார்க்கும் கிளைசெமிக் இண்டெக்ஸ் அட்டவணைகளில் கார்ன்ஃப்ளேக்ஸ் 80-ஐ ஒட்டி நிற்கிறது. தட்டையாக நசுக்கிய ரோல்டு ஓட்ஸில் செய்த கஞ்சி 55, மியூஸ்லி 57 அளவில் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றிக் கலக்குகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மறுபடி 80-க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. தானியம் அதே ஓட்ஸ்தான்; எவ்வளவு பொடித்தார்கள், எவ்வளவு வேகவைத்துத் தந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் 5.9-க்கு இது முக்கியம்.

அளவு விஷயத்தில் எல்லோரும் தோற்பார்கள். டப்பாவில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருக்கும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் கிண்ணத்தில், வழக்கமாகப் போடும் அளவைப் போட்டு, ஒருமுறை கிச்சன் தராசில் வையுங்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் லேசு, ஒரு கப்பே 30 கிராமுக்குள்தான் வரும். மியூஸ்லி கனம், அதே கப் 90 கிராமைத் தொடும், பால் ஊற்றும் முன்பே 350 கலோரி. கண்ணுக்கு இரண்டும் ஒரே கிண்ணம்தான். சாக்லேட் சீரியலை எடுத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை உள்ள ஒரு வகையை நீங்கள் 60 கிராம் போட்டால் 18 கிராம் சர்க்கரை, நாலரை டீஸ்பூன். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெட்ரோ ஏறும் முன்பே முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது, காபி சர்க்கரை இன்னும் கணக்கில் வரவில்லை.

தேன் மியூஸ்லி பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். தேனும் சேர்க்கப்பட்ட சர்க்கரைதான், உடம்பு அதற்குத் தனி மரியாதை எதுவும் தருவதில்லை. ஒரு டீஸ்பூன் தேன் சர்க்கரையைவிடக் கனம் என்பதால், ஸ்பூனுக்கு ஸ்பூன் இன்னும் கொஞ்சம் கூடவே உள்ளே போகும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை சிரப் எல்லாம் அந்தக் கதைதான். மியூஸ்லியில் சிவப்பு, பச்சை, மஞ்சளில் மின்னுகிற பழத் துண்டுகளும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியவை. நம் ஊர் பேக்கரி டூட்டி ஃப்ரூட்டிக்குச் சொந்தக்காரர்கள். கிரனோலா என்பதில் எண்ணெயும் பாகும் சேர்த்து ஓவனில் வாட்டியிருப்பார்கள். அதனால்தான் அப்படி மொறுமொறு. மேலே ஒரு ஸ்பூன் தூவிக்கொள்ளலாம், கிண்ணம் நிறையப் போட அது ஆகாது.

அந்த மரத்தூள் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அதை எடுத்தவுடன் பால் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சர்க்கரை சேராத மியூஸ்லி ஊற வேண்டிய பொருள். இதைப் பரப்பிய ஸ்விட்சர்லாந்து டாக்டர் பிர்ஷெர்-பென்னர் சுமார் 1900-ல் ஜூரிக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்த கிண்ணத்தில் முக்கியப் பொருள் துருவிய ஆப்பிள். ஊறவைத்த ஓட்ஸ் அதில் ஒரு ஸ்பூன் அளவுதான்; கொஞ்சம் பாதாம் மாதிரி பருப்பு, எலுமிச்சைச் சாறு, இனிப்பான கெட்டிப்பால். இன்று டப்பாவில் வருவது அந்தக் கிண்ணத்தின் துணைப் பொருள் மட்டும். முதன்மைப் பொருளை நாம் சேர்ப்பதில்லை, அப்புறம் ருசி இல்லை என்று திட்டுகிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் நாலு டேபிள்ஸ்பூன் மியூஸ்லியை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்து, புளிக்காத கெட்டித் தயிர் அரைக் கப்பும் கொஞ்சம் பாலும் ஊற்றிக் கலக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தானியம் பாலை இழுத்துத் தளதளவென்று ஆகியிருக்கும். அதில் பாதி ஆப்பிளைத் தோலோடு துருவி, நாலு துளி எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை பட்டைத்தூளும், நம்பினால் நம்புங்கள், இரண்டு சிட்டிகை உப்பும் போடுங்கள். உப்பு இல்லாமல் இனிப்பு தூக்காது. பாயசத்துக்கு உங்கள் மாமியாரும் அதைத்தான் செய்வார். ஆப்பிள் விலை இடித்தால் ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை நறுக்கிப் போடலாம். சீசனில் மாதுளை, கொய்யா.

சாக்லேட் சீரியலை முழுசாக விடச் சொல்லமாட்டேன். விடச் சொன்னால் பத்து நாள் விடுவீர்கள், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு உட்கார்ந்துவிடுவீர்கள். ஊறிய மியூஸ்லியின் மேலேயோ, ஓட்ஸின் மேலேயோ ஒரு சிறு கைப்பிடி, சுமார் 10 கிராம், தூவிக்கொள்ளுங்கள். சர்க்கரை 3 கிராம்தான். முதல் வாயிலேயே சாக்லேட் வந்துவிடும், மொறுமொறுப்பும் இருக்கும். மகளையும் மெல்ல இந்தப் பக்கம் திருப்பிவிட இது வழி. பத்தாம் வகுப்புப் பிள்ளை போல வளர்கிற வயதில் இருப்பவர்களுக்கும் அந்த டப்பா அப்படியொன்றும் அவசியச் சாப்பாடு இல்லை.

நேரம் கிடைக்கிற ஒரு சனிக்கிழமை சொந்தமாகவே ஒரு கலவை செய்து வைக்கலாம். ரோல்டு ஓட்ஸ் 250 கிராம், மெல்லிய சிவப்பு அவல் 150 கிராம், இனிப்பில்லாத சோளப் பொரி அல்லது ராகித் தகடு 100 கிராம், வேர்க்கடலை 75, பாதாம் 50, பூசணி விதை 25, திராட்சை 50, உலர்ந்த தேங்காய்த் துருவல் 25. ஓட்ஸைச் சிறு தீயில் வாசனை வரும் வரை வெறுமனே வறுங்கள். ஆவியில் வெந்துதான் அது பாக்கெட்டுக்கு வருகிறது. அதனால் மறுபடி வேகவைக்கத் தேவையில்லை. அவலை இரண்டு விரலால் நசுக்கினால் நொறுங்குகிற பதம் வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பாலில் போட்டதும் சவசவ என்று ஆகிவிடும். வேர்க்கடலை, பாதாம், விதைகளைத் தனித்தனியாக. தேங்காய் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே. அது கண்ணிமைக்கும் நேரத்தில் கருகும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு திராட்சை, ஏலக்காய்ப் பொடி, கொஞ்சம் சுக்குப்பொடி, அரை டீஸ்பூன் உப்பு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் தாங்கும், பதினான்கு கிண்ணம் வரும். ஒரு 50 கிராம் கிண்ணத்தில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. இனிப்பு என்று இருப்பது திராட்சையினுடையது மட்டும், 2 கிராமை ஒட்டி. நந்தினி நீல பாக்கெட் பால் 200 மில்லி ஊற்றினால் இன்னொரு 6 கிராம் புரதம்.

இனிப்பே வேண்டாம் என்று தோன்றுகிற நாட்களும் வரும். தமிழ் நாக்குக்குக் காலையில் உப்பும் புளிப்பும்தான் ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். நாற்பது கிராம் ஓட்ஸை, அதாவது அரைக் கப்பை, தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, தயிர் விட்டுப் பிசைந்து, கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் தயிர் சாதத்துக்குத் தம்பி. கூடவே துருவிய கேரட்டோ வெள்ளரியோ. பாக்கெட்டில் வரும் மசாலா ஓட்ஸுக்கு இது எவ்வளவோ மேல். அதை வாங்கும் முன் சோடியம் வரியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்பது வரம்பு, ஒரு சின்னப் பாக்கெட் அதில் எத்தனை சதவீதத்தைத் தின்கிறது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தினம் 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் அதற்குத் தினம் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையில் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பெங்களூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தகட்டை மட்டும் நம்ப வேண்டியதும் இல்லை. மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கம் கடைகளில் ஹுரிஹிட்டு கேட்டால் கொடுப்பார்கள். ராகியைப் பொரித்து அரைத்த மாவு. வேகவைக்க வேண்டாம், மோரிலோ பாலிலோ கரைத்தால் ஆயிற்று. வாசனையே பசியைக் கிளப்பும். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது.

ஆனால் மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. ராகி நல்ல தானியம். ராகி என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்பது சரியில்லை. அதில் நார்ச்சத்து கூடுதலாக இருந்தாலும் மாவுச்சத்து அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. நைசாக அரைத்து, தண்ணியாகக் காய்ச்சி, மடமடவென்று குடித்தால் வயிற்றில் தங்காமல் வேகமாக ஏறத்தான் செய்யும். வெல்லம் போட்டால் கேட்கவே வேண்டாம். அதே ராகியை அடையாகவோ, களியாகவோ, கொரகொரப்பான மாவில் கெட்டிக் கஞ்சியாகவோ, கூட ஒரு கிண்ணம் சுண்டலோடு சாப்பிட்டால் விஷயம் வேறு. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவருடைய டாக்டரே சொல்லட்டும். வீட்டில் அமைதி வேண்டும்.

பதினொரு மணிப் பசிக்குக் காரணம் உங்கள் கிண்ணத்தில் புரதம் இல்லாதது. சாக்லேட் சீரியல் 30 கிராமில் புரதம் 2 கிராமை ஒட்டித்தான். காலையில் 15-லிருந்து 20 கிராம் வரை வந்தால் மத்தியானம் வரை தாங்கும். மேலே சொன்ன கலவையும் பாலும் 12 கிராமுக்கு வந்துவிட்டது. கூட ஒரு வேகவைத்த முட்டை என்றால் 18. முட்டை சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையை ஒரு சின்ன டப்பாவில் பையில் போட்டுக்கொள்ளுங்கள், 30 கிராமில் 6 கிராம் புரதம். ஆபீஸ் பிஸ்கட் தட்டு வரும்போது இதைத் திறங்கள்.

காபி விஷயத்துக்கு வருகிறேன், இது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விட வேண்டும். காபி, பாலின் கால்சியம், சீரியலில் சேர்க்கிற இரும்பு, நார்ச்சத்து எல்லாமே மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஐந்தரைக்கு மாத்திரை என்றால் ஆறரைக்குக் காபி, ஆறே முக்காலுக்குக் கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். காபியை இன்னும் தள்ளி ஆபீஸில் குடித்தால் இன்னும் நல்லது. சீரியலில் இரும்புச்சத்து சேர்த்திருப்பதாகப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். கூடவே காபியோ டீயோ குடித்தால் அதில் பாதி வீண். பழம் சேர்த்தால் எதிர்மாறு, கொய்யாவும் எலுமிச்சையும் இரும்பை உள்ளே இழுக்கும். தனியாக இரும்பு அல்லது கால்சியம் மாத்திரை எடுத்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாத்திரை நேரத்தை இப்படி மாற்றிய பிறகு தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையில் அடுத்த முறை எண் மாறலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்று என் எழுத்தைவிட ஒரு சொட்டு ரத்தம் தெளிவாகச் சொல்லும். ஒரு நாள் வழக்கமான சாக்லேட் கிண்ணம், இன்னொரு நாள் வீட்டுக் கலவை, வேறொரு நாள் தயிர் ஓட்ஸ் அல்லது மாமியாரின் ராகிக் கஞ்சி. சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். மெட்ரோ நேரம் இடிக்கும் என்பதால் லீவு நாட்களில் செய்யுங்கள். இரண்டு மணி நேரத்தில் 140-க்குள் இருந்தால் நல்லது. மூன்றில் எது குறைவாக ஏற்றி, உங்கள் நாக்குக்கும் பிடித்திருக்கிறதோ அதுதான் உங்கள் பிராண்ட். மாமியாரிடம் குளுக்கோமீட்டர் இருந்தால் மெஷினைத் துடைத்துப் பயன்படுத்தலாம். விரலில் குத்தும் பேனாவையும் ஊசியையும் மட்டும் அவருடையதை எடுக்காதீர்கள். மருந்துக் கடையில் உங்களுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.